கார் முன்பக்க சஸ்பென்ஷன் புஷ்ஷை வீட்டிலேயே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், முருகேஷ்பாளையம், கே.ஆர். புரம் என்று பெங்களூரில் நம்மாட்கள் எங்கே கூடினாலும், காரை நானே பிரித்து மாட்டுவேன் என்று தெரிந்ததும் புஷ் பற்றிய கேள்விதான் முதலில் வருகிறது. திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை அவரவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, பதிலும் கொடுத்திருக்கிறேன். நம் வீடுகளில் சாதாரணமாக நிற்கிற கார்களை, அதாவது முன்சக்கரம் இழுக்கிற, முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்தது) வைத்த சிறிய, நடுத்தர வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது.

"புஷ் போயிடுச்சு"ன்னு மெக்கானிக் சொல்றார். புஷ்னா எது சார்?

முன்சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கிற இரும்புக் கைக்கு லோயர் ஆர்ம் என்று பெயர். அதன் ஒரு முனை பால் ஜாயின்ட் (எல்லாப் பக்கமும் திரும்புகிற உருண்டை மூட்டு) வழியாகச் சக்கரப் பக்கம் சேரும். மறுபக்கம் இரண்டு இடத்தில் போல்ட் போட்டுச் சட்டத்தில் மாட்டியிருக்கும். அந்த இரண்டு இடத்திலும் இருக்கிற ரப்பர் உருளைதான் புஷ். வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே போல்ட் நுழைகிற இரும்புக் குழாய், நடுவில் ரப்பர். அந்த ரப்பர் உள்ளேயும் வெளியேயும் இரும்போடு ஒட்டவைக்கப்பட்டது. அது சுழலாது, முறுக்கிக்கொள்ள மட்டும் செய்யும். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் டைட் செய்யும்போது வேலையே இதில்தான் இருக்கிறது.

முன்புறப் புஷ் சின்னது. பின்புறப் புஷ் பெரும்பாலும் பெரியது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளுகிற விசையை அதுதான் வாங்கிக்கொள்கிறது. அதனால் பல வண்டிகளில் முதலில் கிழிவதும் அதுதான். பழைய மாருதி 800 மாதிரி வண்டிகளில் அமைப்பே வேறு. ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் வண்டி அதிகம் சாயாமல் இருக்க இடது, வலது பக்கங்களை இணைக்கிற கம்பி) முனையே ஆர்முக்குள் நுழைந்து அதைப் பிடித்திருக்கும், அங்கே இருக்கிற புஷ்ஷும் வேறு வகை. கீழே சொல்வதில் பாதிதான் அதற்குப் பொருந்தும்.

ஊர்ல அப்பா வண்டிக்கு இதெல்லாம் மாத்தினதே இல்ல. பெங்களூர்ல மட்டும் ஏன் இவ்ளோ சீக்கிரம் போகுது?

பள்ளம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஹம்ப் என்று நினைக்கிறேன். இந்தியச் சாலைக் குழுமத்தின் வரையறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் நீளத்தில், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரத்தில் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். நம் தெருக்களில் பல ஹம்ப்கள் ஒரு அடி அகலத்தில் சுவர் மாதிரி நிற்கின்றன. நெரிசலில் நிமிடத்துக்கு நாலு தடவை பிரேக் பிடிப்பதும் பின்புறப் புஷ்ஷைத்தான் அடிக்கிறது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று இதற்குக் கணக்கு கிடையாது. ரப்பரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, எஞ்சினிலிருந்து ஆயில் கசிந்து புஷ்மேல் சொட்டினால் ரப்பர் உப்பி இளகிவிடும். அப்படி நனைந்திருந்தால் முதலில் கசிவை அடையுங்கள். இல்லாவிட்டால் புதுப் புஷ்ஷும் அதே வழியில் போகும்.

முன்னாடி டக்டக்னு சத்தம். புஷ்தானா, இல்ல வேற ஏதாவதா?

சத்தம் எப்போது வருகிறது என்று பாருங்கள். பிரேக் பிடித்ததும் ஒரே ஒரு "டொக்", ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் பிடித்தால் இன்னொரு "டொக்" என்றால் லோயர் ஆர்ம் புஷ்மேல் சந்தேகப்படலாம். சின்னச் சின்னக் குண்டு குழியில் கடகடவென்று வந்தால் லிங்க் ராடு, அதாவது ஸ்டெபிலைசர் பாரின் முனையைச் சஸ்பென்ஷனோடு இணைக்கிற சின்னத் தண்டு. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் விண்ணென்று தெறிக்கிற மாதிரி இருந்தால் மேலே இருக்கிற ஸ்ட்ரட் மவுண்ட். சத்தமே இல்லாமலும் புஷ் போகும். அப்போது பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலையும், டயரின் ஓரம் மட்டும் தேயும்.

கண்ணால் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். சக்கரத்தைத் தூக்கி (எப்படிப் பாதுகாப்பாகத் தூக்குவது என்று கீழே இருக்கிறது), ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் நீளமான லிவர் ஒன்றைக் கொடுத்து நெம்புங்கள். டார்ச் அடித்து ரப்பரைப் பாருங்கள். மேலே மெல்லிய கோடு கோடாக வெடிப்பு இருந்தால் அது வயசு, இன்னும் ஓடும். நெம்பும்போது ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து வாய் திறந்தாலோ, உள் குழாய் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். ஒரு எச்சரிக்கை: பல பின்புறப் புஷ்களில் ரப்பருக்கு நடுவே தயாரிக்கும்போதே இடைவெளி விட்டிருப்பார்கள். அது கிழிசல் அல்ல. கிழிசலின் விளிம்பு பிசிறாக இருக்கும், வார்ப்பு இடைவெளியின் விளிம்பு வழவழப்பாக இருக்கும்.

அடுத்த வாரம் குடும்பத்தோட சேலம் போறோம். இப்படியே ஓட்டலாமா?

ரப்பரில் வெடிப்பு மட்டும் என்றால் போய் வாருங்கள். நெம்பினால் ஆர்ம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நகர்கிறது, பிரேக்கில் வண்டி இழுக்கிறது என்றால் வேண்டாம். ஹொசூர் தாண்டி நூறில் போகும்போது அவசரமாகப் பிரேக் அடித்தால் ஒரு சக்கரம் மட்டும் தன் இடத்தை விட்டுப் பின்னால் போகும், ஸ்டீயரிங் கையில் திரும்பும். பால் ஜாயின்ட்டிலும் ஆட்டம் இருந்தால் பக்கத்துத் தெருவுக்குக்கூட எடுக்காதீர்கள். அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும்.

நான் ஐடி வேலை, ஸ்பானர் புடிச்சு பழக்கமில்ல. என்னால முடியுமா?

பிரேக் பேடாவது ஒருமுறை சொந்தமாக மாற்றியிருந்தால் முடியும். அதுவும் இல்லை என்றால் இதை முதல் வேலையாக எடுக்காதீர்கள். ஆயில் மாற்றுவதில் தவறினால் தரைதான் கறையாகும். இங்கே தவறினால் சக்கரம் போகும்.

அரை அங்குல சாக்கெட் செட், நீளமான பவர் ஹேண்டில், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டுகிற ஸ்பானர்), இரண்டு ஜாக் ஸ்டாண்டு (தூக்கிய வண்டியைத் தாங்குகிற இரும்புக் கால்), தரையில் வைத்து உருட்டுகிற ஹைட்ராலிக் ஜாக்கி ஆகியவை வேண்டும். எஸ்.ஜே.பி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும். டார்க் ரெஞ்சை மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் நியூட்டன் மீட்டர் கணக்கு இருக்கும். அது கையில் கிடைக்கும்வரை வேலையைத் தொடங்க வேண்டாம். வண்டிக்கு வண்டி அது மாறும் என்பதால் இங்கே எண் எதுவும் எழுதவில்லை.

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல பண்ணலாமா?

தரை சமமாகவும் காங்கிரீட்டாகவும் இருந்தால் நல்ல இடம்தான். ஆனால் பல பேஸ்மென்ட்களில் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவு வைத்திருப்பார்கள். ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்து, உருள்கிறதா என்று பாருங்கள். சரிவு இருந்தால் இடத்தை மாற்றுங்கள். டைல்ஸ், பேவர் கல் மேல் ஜாக்கி சறுக்கும். அசோசியேஷனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதியில் நிறுத்த முடியாத வேலை இது.

வண்டியோட வந்த ஜாக்கி இருக்கே, அது போதாதா அண்ணே?

போதாது. அது ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். ஆர்மைக் கழற்றும்போது நீங்கள் பலம் போட்டு இழுப்பீர்கள், தள்ளுவீர்கள், வண்டி குலுங்கும். எந்த ஜாக்கியையும், ஹைட்ராலிக்காக இருந்தாலும், நம்பி அடியில் போகக் கூடாது. எடை முழுவதும் ஸ்டாண்டில் உட்கார வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் வைக்கவே வைக்காதீர்கள், அவை முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஸ்டாண்டில் ஏற்றியபிறகு வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடி விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து வண்டிக்கு அடியில் தள்ளிவையுங்கள். வேலை நேரத்தில் வீட்டில் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும்.

புஷ் மட்டும் மாத்தலாமா, முழு ஆர்மே மாத்திடலாமா?

வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது முழு ஆர்ம். சில நூறு ரூபாய்க்குப் புஷ் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் பழையதை வெளியே தள்ளிப் புதியதை நேராக உள்ளே ஏற்றப் பிரஸ் (அழுத்தும் இயந்திரம்) வேண்டும். புது ஆர்மில் புஷ் ஏறியே வரும். பல வண்டிகளில் புது பால் ஜாயின்ட்டும் அதோடு வரும். வேலை கழற்றி மாட்டுவதோடு முடிந்தது. ஆர்ம் விலை கட்டுப்படி ஆகாத வண்டியாக இருந்து, பால் ஜாயின்ட்டும் நன்றாக இருந்தால் புஷ் மட்டும் போடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் போயிருக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் பதில் இங்கேயே: இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒரு பக்கம் புது ரப்பர் விறைப்பாகவும் மறுபக்கம் தளர்ந்தும் இருந்தால் பிரேக்கில் வண்டி நேராக நிற்காது.

ஜே.சி. ரோட்டுல என்னன்னு கேட்டு வாங்குறது? டூப்ளிகேட் குடுத்துடுவாங்களோ?

வண்டி பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் வந்த வண்டிக்கு வருடத்துக்கு வருடம் ஆர்ம் மாறியிருக்கும். சேசிஸ் எண்ணைக் கொண்டுபோய் பார்ட் நம்பர் எடுத்துக்கொள்ளுங்கள். மாருதி ஜெனுயின் பார்ட்ஸ், ஹூண்டாய்க்கு மோபிஸ் என்று கம்பெனி பொட்டலத்திலேயே கேட்கலாம். கையில் வாங்கியதும் ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள், ரப்பர் இரும்போடு சேருகிற வட்டத்தைச் சுற்றிலும் பாருங்கள். அங்கே இடைவெளியோ பிசிறோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கூடவே புது லாக் நட்டுகளும், பால் ஜாயின்ட் நட்டுக்கு ஸ்பிளிட் பின் போடுகிற வண்டி என்றால் அதுவும் வாங்குங்கள். அங்கே பெரும்பாலான கடைகள் ஞாயிற்றுக்கிழமை இருக்காது. அதனால் சனிக்கிழமை காலையிலேயே பொருளை வாங்கி வைத்துக்கொண்டு பிரிக்க ஆரம்பியுங்கள்.

சரி, ஆர்மை எந்த வரிசையில கழட்டணும்?

வண்டி தரையில் நிற்கும்போதே ஒரு அளவு எடுங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டரின் விளிம்புவரை எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் பிடித்து, இரண்டு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த எண் கடைசியில் தேவைப்படும். பிறகு சக்கர நட்டுகளைத் தரையிலேயே லேசாகத் தளர்த்திவிட்டு முன்பக்கம் முழுவதையும் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு ஆர்மையோ லிங்க் ராடையோ இழுத்துப் பிடிக்கும், போல்ட் வராது.

சக்கரத்தைக் கழற்றியபின் முதலில் பால் ஜாயின்ட். பல வண்டிகளில் அதன் தண்டை நக்கிளில் (சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கூடு) ஒரு போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதுமாக உருவ வேண்டும். தண்டில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், போல்ட் அந்தப் பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கும். உருவியபிறகு நக்கிளில் இருக்கிற பிளவில் உளியை மெதுவாகத் தட்டி ஒரு மயிரளவு விரித்து, ஆர்மை லிவரால் கீழே அழுத்தினால் தண்டு இறங்கும். பால் ஜாயின்ட்டைத் திரும்பப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் ரப்பர் உறையில் லிவர் படக் கூடாது.

தண்டு விடுபட்டவுடன் சக்கரக் கூடு வெளிப்பக்கமாக ஆடும். அதை இழுக்காதீர்கள். டிரைவ் ஷாஃப்ட்டின் (கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுற்றுகிற தண்டு) உள் ஜாயின்ட் பிரிந்து கியர் பாக்ஸ் பக்கம் பெரிய வேலை வந்துவிடும். கயிறு போட்டு ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டுங்கள். பிரேக் ஹோஸிலும் ஏபிஎஸ் ஒயரிலும் எடை தொங்கக் கூடாது. ஸ்ட்ரட்டின் மேல் நடு நட்டைத் தொடவே வேண்டாம். அதன் கீழே அழுத்தப்பட்ட ஸ்பிரிங் இருக்கிறது, இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை.

அப்புறம் ஆர்மின் இரண்டு போல்ட்டுகள். சில வண்டிகளில் ஒரு பக்க போல்ட்டை உருவும்போது கியர் பாக்ஸோ மவுண்டோ இடிக்கும். அப்படியானால் எஞ்சினைத் தாங்கிப் பிடித்துச் சட்டத்தைச் சற்று இறக்க வேண்டியிருக்கும். இதைப் பிரிப்பதற்கு முன்பே எட்டிப் பார்த்து வையுங்கள். இறக்க வேண்டியிருந்தால் அந்த வண்டியை லிஃப்ட் வைத்த பட்டறைக்குக் கொண்டுபோவதே சரி.

போல்ட் துரு புடிச்சு அசையவே மாட்டேங்குது. மேல ஏறி மிதிக்கலாமா?

மிதிக்காதீர்கள், வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது. முதல் நாள் இரவே மரை தெரிகிற பக்கம் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். ரப்பரைத் திரும்பப் போடப் போவதில்லை என்பதால் அதன்மேல் பட்டாலும் கவலையில்லை. காலையில் கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, ஆறுமுனை சாக்கெட் போட்டுத் திருப்புங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் போல்ட் தலையை மழுக்கிவிடும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி, பிறகு தளர்த்தும் பக்கம், இப்படி மாறி மாறிச் செய்யுங்கள்.

போல்ட் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால் அது புஷ்ஷின் உள் குழாயோடு துருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் அதை மேற்கொண்டு அடிக்க வேண்டாம், பட்டறை ஆளைக் கூப்பிடுங்கள். நெருப்பு வைத்துச் சூடாக்கச் சொல்வார்கள். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் பக்கத்தில் ஓடுகிற இடம் அது. அபார்ட்மென்ட்டில் அதற்கு இடமே கொடுக்காதீர்கள்.

வீட்ல பிரஸ் இல்ல. பழைய புஷ்ஷை சுத்தியலால அடிச்சு எடுக்கலாமா?

ஆர்மைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஜே.சி. ரோட்டை ஒட்டிய சந்துகளிலும் பீன்யா பக்கமும் பிரஸ் வைத்த பட்டறைகள் இருக்கின்றன. சின்ன வேலை, கூலியும் அதிகமிருக்காது. சுத்தியலால் அடித்தால் தகட்டால் செய்த ஆர்மின் வளையம் கோணிவிடும். அலுமினிய ஆர்ம் என்றால் வெடிப்பே விழலாம்.

பட்டறைக்குப் போனாலும் இரண்டு விஷயத்தை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, புதுப் புஷ்ஷை ஏற்றும்போது அழுத்தம் வெளி வளையத்தின்மேல் விழ வேண்டும். நடுக் குழாயைப் பிடித்து அழுத்தினால் ரப்பர் அங்கேயே பிரியும், வெளியே தெரியாது. இரண்டு, திசை. முதல் கேள்விகளில் சொன்ன அந்த வார்ப்பு இடைவெளி எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம் இருக்க வேண்டும். பிரிக்கும் முன் பழைய புஷ்ஷின் இடைவெளிக்கு நேராக ஆர்மில் ஆணியால் ஒரு கீறல் போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மில்லிமீட்டர் உள்ளே உட்கார்ந்திருந்தது என்பதையும் அளந்துவிடுங்கள்.

கொஞ்சம் கிரீஸ் தடவினா சுலபமா ஏறுமே?

சாதாரண கிரீஸும் எஞ்சின் ஆயிலும் ரப்பருக்கு எதிரி. காரணம் இரண்டாவது பதிலில் இருக்கிறது. சோப்புத் தண்ணீர் போதும். காய்ந்ததும் பிடிப்பு வந்துவிடும்.

"வண்டியை இறக்கிட்டுத்தான் டைட் வைக்கணும்"னு ஒருத்தர் சொல்றார், இன்னொருத்தர் தேவையில்லங்கிறார். எது சரி?

இறக்கிவிட்டுத்தான் டைட் வைக்க வேண்டும். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றே ஒன்றைத்தான் மனதில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

ரப்பர் இரண்டு பக்கமும் இரும்போடு ஒட்டியிருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் சட்டத்தோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதற்குப்பின் ஆர்ம் மேலே போனாலும் கீழே வந்தாலும் ரப்பர்தான் முறுக்கிக்கொள்ள வேண்டும். சக்கரம் தொங்கும்போது ஆர்ம் நன்றாகக் கீழே சாய்ந்திருக்கும். அந்த நிலையில் இறுக்கினால் ரப்பர் அதையே ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலேயே ஆர்ம் மேலே வந்து ரப்பர் முறுக்கப்படும். பார்க்கிங்கில் சும்மா நிற்கும்போதும் முறுக்கிலேயே நிற்கும். பிறகு ஒரு ஹம்ப் ஏறினால் முறுக்குமேல் முறுக்கு. நல்ல கம்பெனிப் புஷ்ஷே சில மாதத்தில் கிழிவதற்கு இதுவே போதும். "புதுசு மாத்தி ஆறு மாசம்கூட ஆகல, மறுபடி போச்சு" என்று என்னிடம் சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, லிஃப்டில் தொங்கவிட்டே இறுக்கினார்களா என்றுதான். பொருளைக் குறை சொல்வதற்கு முன் இதைக் கேளுங்கள்.

இறக்கிட்டா உள்ள கை போக மாட்டேங்குது. எப்படி டைட் வைக்கிறது?

இதற்குத்தான் ஆரம்பத்தில் டேப் பிடித்து அளவெடுத்தோம். ஆர்ம் போல்ட்டுகளைக் கையால் போகும்வரை மட்டும் போட்டு, பால் ஜாயின்ட்டைச் சேர்த்து அதன் போல்ட்டை முழு அளவுக்கு இறுக்கிவிடுங்கள். அது ரப்பர் அல்ல, தொங்கும்போதே இறுக்கலாம். வண்டி ஸ்டாண்டில் இருக்க, பால் ஜாயின்ட்டுக்கு நேர் கீழே ஒரு மரத்துண்டு வைத்து ஜாக்கியால் மெதுவாகத் தூக்குங்கள். ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்துகொண்டே வாருங்கள். எழுதிவைத்த எண் வந்ததும் நிறுத்துங்கள். ஆர்ம் இப்போது வண்டி தரையில் நிற்கும்போது இருக்கிற அதே சாய்வில் இருக்கிறது. டார்க் ரெஞ்ச் போட்டு இரண்டு போல்ட்டையும் மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள்.

ஒரே கவனம்: அந்த அளவு வருவதற்கு முன்பே வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பத் தொடங்கினால் நிறுத்துங்கள். சிறிய வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும் தூக்கும்போது ஸ்டெபிலைசர் பார் எதிர்ப்பதால் இப்படி ஆகும். லிங்க் ராடுகளைக் கழற்றி, இறுக்கி முடிக்கும்வரை மாட்டாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் வராவிட்டால் சக்கரங்களை மாட்டி, தடித்த மரப்பலகைகள்மேல் வண்டியை இறக்கி, ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டிலிருந்து கையை விடுங்கள். ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் மட்டும் போக வேண்டாம்.

பாலியூரித்தேன் புஷ் போட்டா ஆயுசுக்கும் போகாதாமே?

அது ஆயிலுக்கு அஞ்சாது, ரப்பரைவிட விறைப்பு. ஆனால் அந்த விறைப்பு குடும்ப வண்டிக்கு நல்லதல்ல. ஒவ்வொரு குழியும் கேபினுக்குள் கேட்கும். பெரும்பாலானவை ஒட்டாமல் சுழல்கிற வகை, அதற்கென்று உள்ள கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். சின்னக் குழந்தையோ வயதானவர்களோ பின்சீட்டில் வருகிற வண்டிக்குக் கம்பெனி ரப்பரே போடுங்கள்.

மாத்தின பிறகு அலைன்மென்ட் கட்டாயமா? வண்டி நேராத்தான் போகுது.

கட்டாயம். ஆர்ம் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே சக்கரத்தின் கோணம் மாறும். கைக்குத் தெரியாது, டயருக்குத் தெரியும். முதலில் ஐம்பது கிலோமீட்டர் வாக்கில் ஓட்டி எல்லாம் அமர்ந்தபின் சக்கர நட்டுகளையும் ஆர்ம் போல்ட்டுகளையும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, அப்புறம் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். அங்கே டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு) எண்களும் உள்ள அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். இடது, வலது காஸ்டரில் பெரிய வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு ஆர்ம் சரியாக உட்காரவில்லை, அல்லது சட்டமே முன்பு எங்கேயோ அடிபட்டிருக்கிறது.

எல்லாம் மாத்தியாச்சு, அலைன்மென்ட்டும் ஆச்சு. சத்தம் மட்டும் போகலையே?

பழைய சத்தமா, புதுச் சத்தமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். புதிதாக "டொக்" வந்தால் ஏதோ ஒரு போல்ட் முழுதாக இறுகவில்லை, வண்டியை ஓட்டாமல் அங்கேயே பாருங்கள். ஹம்ப்பில் கீச்சென்று வந்தால் ஸ்டெபிலைசர் பார் புஷ்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து உடனே ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்று, காய்ந்ததும் திரும்பினால் குற்றவாளி அதுதான். சின்ன ரப்பர், இரண்டு போல்ட்டில் வந்துவிடும். பழைய கடகடப்பே தொடர்ந்தால் மூன்றாவது பதிலுக்குத் திரும்பிப் போய் லிங்க் ராடைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.